பழைய சித்திரக்கதைகளைக் கணினியில் சேர்க்கிறீர்களா? செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாகான் டாலாம் – தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பட்டர்வொர்த் வட்டாரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில், பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை இன்னும் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், இடையிடையே சில அம்புலிமாமா. மலிவுத் தாளில் அச்சான புத்தகங்கள் அவை. கடலோரத்து ஈரக்காற்றில் அந்தத் தாள் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிகிறது. கரையான் வந்துவிட்டால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

அதனால்தான் பலர் இப்போது அந்தப் பக்கங்களைக் கைப்பேசியிலோ ஸ்கேனரிலோ படமெடுத்துச் சேமிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். படமெடுப்பது பொறுமை இருந்தால் முடிந்துவிடும் வேலை. இருபது முப்பது புத்தகங்கள் ஏறிய பிறகுதான் சிக்கல் தெரிகிறது. படங்கள் குவிந்து கிடக்கும். எது எந்தப் புத்தகம், எது முதல் பக்கம், பிள்ளைகள் கேட்டால் எதில் திறந்து கொடுப்பது என்பது புரியாது.

இதற்கென்றே நிறைய மென்பொருள்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இலவசம். ஆனால் அவற்றைப் பரிந்துரைக்கும் ஆங்கிலக் கட்டுரைகள், வாசகரிடம் ஸ்பைடர்மேனோ பேட்மேனோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. தமிழ்ச் சித்திரக்கதை சேர்ப்பவருக்கு அந்த ஆலோசனை பாதிதான் பொருந்தும்.

காரணம் இதுதான். அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றைச் சேர்த்தால், மென்பொருளே இணையத்தில் உள்ள தரவுத்தளத்தைப் பார்த்து எழுத்தாளர், ஓவியர், வெளியான மாதம், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் நிரப்பிவிடும். சிவகாசியில் அச்சான புத்தகத்தை அந்த வசதியிடம் விட்டால் வெற்றிடம் வரும், அல்லது தொடர்பில்லாத ஆங்கிலப் புத்தகத்தின் விவரம் வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப் புத்தகத்துக்கு விவரத்தை நாமே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். முந்நூறு புத்தகம் என்றால் அது பல வாரத்து உழைப்பு. எனவே ஒரு மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதில்லை. நாம் தட்டச்சு செய்த விவரத்தை அது எங்கே எழுதி வைக்கிறது என்பதே கேள்வி.

முதலில் கோப்பு

அதற்கு முன் கோப்பின் வகையைப் பார்த்துவிடலாம். சித்திரக்கதை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் இரண்டு பெயர்கள் சிபிஸெட், சிபிஆர். கேட்க ஏதோ பெரிய தொழில்நுட்பம் போலிருக்கும். சிபிஸெட் என்பது சாதாரண ஸிப் கோப்புதான். உள்ளே பக்கங்கள் வெறும் படங்களாக இருக்கும். பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றியிருப்பார்கள், சித்திரக்கதை வாசிப்பான் அதை அடையாளம் கண்டு திறக்கட்டும் என்பதற்காக. சிபிஆர் அதே போல ரார் கோப்பு. 2000-களின் தொடக்கத்தில் விண்டோஸ் கணினிகளில் புழங்கிய சிடிஸ்பிளே என்ற வாசிப்பானோடு பரவிய வழக்கம் இது.

இரண்டில் சிபிஸெட்டே நல்லது. ரார் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதைத் திறக்க எந்த மென்பொருளும் போதும், உருவாக்கவோ திருத்தவோ உரிமம் பெற்ற மென்பொருள் வேண்டும். ஸிப் அப்படியில்லை. நாளை எல்லாச் சித்திரக்கதைச் செயலிகளும் மறைந்துபோனாலும், சிபிஸெட் கோப்பின் பெயரை ஸிப் என்று மாற்றினால் எந்தக் கணினியும் பக்கங்களை எடுத்துத் தந்துவிடும். நண்பர்களிடமிருந்து சிபிஆர் வந்தால் பிரித்து, படங்களை ஸிப்பாகக் கட்டி, பெயர் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசி ஸ்கேன் செயலிகள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகத் தரும். படிக்க அது போதும். ஆனால் சித்திரக்கதை மென்பொருள்கள் விவரம் எழுதுவதும் படிப்பதும் சிபிஸெட்டில்தான் எளிது. ஆகவே படமாகச் சேமிக்கும் வசதி செயலியில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஸ்கேனர் என்றால் 300 டிபிஐ போதும். படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது புலனத்தில் படமாக அனுப்பக்கூடாது. புலனம் படத்தைச் சுருக்கிவிடும், பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் சிறு எழுத்து மங்கிப்போகும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

உள்ளே இருக்கும் பக்கங்களுக்கு 001, 002, 003 என்று மூன்று இலக்கத்தில் எண் போட வேண்டும். 1, 2, 3 என்று போட்டால் சில செயலிகள் 1-க்கு அடுத்து 10-ஐயும் 11-ஐயும் காட்டிவிட்டுப் பிறகு 2-க்கு வரும். துப்பறியும் கதையில் கொலையாளி பத்தாம் பக்கத்திலிருந்து முதலிலேயே வந்து நிற்பார்.

இரண்டு மாயாவிகள்

விவரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும்: மாயாவி.

1972-இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் வேலியண்ட் வார இதழில் 1962-இல் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா'தான் அதன் மூலம். உடலில் மின்சாரம் பாய்ந்தால் மனிதர் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். பிறகு 1984-இல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் வந்தது. அதில் 'முகமூடி வீரர் மாயாவி' என்று வந்தவர் வேறு ஆள். அமெரிக்காவின் பேண்டம், மண்டை ஓட்டு மோதிரக்காரர். அவருக்கே வேதாளர் என்ற பெயரும் வாசகரிடையே உண்டு. ஒருவருக்கு இரண்டு பெயர், ஒரு பெயருக்கு இரண்டு பேர்.

தேடல் பெட்டியில் மாயாவி என்று தட்டினால் இருவரும் கலந்து வருவார்கள். வேதாளர் என்று தட்டினால் ராணி காமிக்ஸின் பேண்டம் கதை ஒன்றும் வராது. இதை எந்த வெளிநாட்டு மென்பொருளும் தானாகப் பிரித்துத் தராது. 'தொடர்' என்ற இடத்தில் புத்தகத்தில் அச்சான தமிழ்ப் பெயரையும், 'கதாபாத்திரம்' என்ற இடத்தில் மூலக் கதாநாயகனின் பெயரையும் எழுதி வைத்தால்தான் பிரியும். அந்த அறிவு பெட்டியைக் கட்டி வைத்திருக்கும் அந்தத் தலைமுறையிடம்தான் இருக்கிறது. புத்தகம் பொடிந்தால் வேறு எங்காவது இன்னொரு பிரதி இருக்கக்கூடும். எது எந்த வரிசை, எது எதன் மறுபதிப்பு என்று சொல்லக்கூடிய தாத்தாவுக்கு மறுபதிப்பு இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தட்டச்சு செய்துகொள்வது நல்லது.

எழுதியது எங்கே போகிறது?

மென்பொருள்கள் இந்த விவரத்தை இரண்டு விதமாக வைக்கின்றன. சில, தங்களுக்கென்று ஒரு தரவுத்தளம் வைத்து அதில் எழுதிக்கொள்ளும். புத்தகக் கோப்பில் எதுவும் மாறாது. வேறு சில, புத்தகக் கோப்புக்குள்ளேயே ஒரு சிறு குறிப்புத்தாளைச் செருகிவிடும். சிபிஸெட் கோப்புக்குள் 'காமிக்இன்ஃபோ' என்ற பெயரில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்புதான் அந்தக் குறிப்புத்தாள். தொடர், இதழ் எண், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, மொழி, குறிப்பு என்று கட்டங்கள் இருக்கும்; எல்லாவற்றிலும் தமிழில் எழுதலாம். மொழிக்கு மட்டும் ஈரெழுத்துக் குறி போட வேண்டும்: தமிழுக்கு டிஏ, மலாய்க்கு எம்எஸ், ஆங்கிலத்துக்கு இஎன். லாட்டின் 'கம்போங் பாய்' புத்தகமும் பிள்ளைகளின் ஜப்பானிய மங்காவும் தாத்தாவின் முத்து காமிக்ஸும் ஒரே வன்தட்டில் கிடக்கும் மலேசிய வீட்டுக்கு இந்த மொழிக் கட்டம் மிகவும் பயன்படும்.

இந்தக் குறிப்புத்தாளை அறிமுகப்படுத்தியது காமிக்ராக் என்ற விண்டோஸ் மென்பொருள். ஒரு காலத்தில் சித்திரக்கதைத் தொகுப்பாளர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். 2010-களின் நடுவில் அதன் வளர்ச்சி நின்றது. ஆனால் அதில் விவரம் எழுதியவர்கள் எதையும் இழக்கவில்லை. குறிப்புத்தாள் புத்தகத்துக்குள்ளேயே இருந்ததால் பின்னால் வந்த மென்பொருள்கள் அதைப் படித்துக்கொண்டன. ஆர்வலர்கள் காமிக்ராக்கையே 'கம்யூனிட்டி எடிஷன்' என்ற பெயரில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எதிர்ப்பக்கத்துக்கு காமிக்ஸாலஜியைச் சொல்லலாம். 2007-இல் தொடங்கிய அந்த அமெரிக்க நிறுவனம் இணையத்தில் சித்திரக்கதை விற்பதில் முன்னணியில் இருந்தது. 2014-இல் அமேசான் வாங்கியது. 2023 டிசம்பரில் தனிச் செயலியே மூடப்பட்டு, வாங்கிய புத்தகங்கள் கிண்டில் செயலிக்குள் போயின. பல ஆண்டுகளாகத் தங்கள் விருப்பப்படி அடுக்கி வைத்திருந்த வாசகர்கள் புதிய இடத்தின் ஒழுங்குக்குப் பழக வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியில், வாங்கிய மின்நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்தியது. தமிழில் இதற்கு நெருக்கமான அனுபவம் அம்புலிமாமா. சந்தமாமா நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய இதழ்கள் பல மொழிகளில் படிக்கக் கிடைத்தன. பின்னர் அந்தத் தளமே காணாமற்போனது. அப்போது தங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் மட்டும் அது தங்கியது.

குறிப்புத்தாளை எழுதுவதற்கென்றே இருக்கும் இலவச மென்பொருள் காமிக்டேக்கர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணையத்திலிருந்து விவரம் தேடும் பொத்தானைத் தொடாமல், கட்டங்களில் கையால் நிரப்பிச் சேமித்தால் போதும். தோற்றம் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்த் தொகுப்பாளருக்கு இதைவிடப் பயனுள்ள மென்பொருளைச் சொல்வது கடினம். இதில் எழுதிவிட்டு, படிப்பதற்கு வேறு எந்த வாசிப்பானையும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வீட்டுக்கு எது?

வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசிதான் என்றால் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பெர்ஃபெக்ட் வியூவர், சிடிஸ்பிளேஎக்ஸ் போன்ற வாசிப்பான்கள் கோப்புறையைத் திறந்து அப்படியே காட்டும். இணைய இணைப்பு வேண்டாம். முத்து, லயன் ஆகியவற்றின் பழைய பாக்கெட் அளவு இதழ்கள் கைப்பேசித் திரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். அண்மைக் காலத்தில் வரும் பெரிய அளவு வண்ண இதழ்களுக்கும் ஐரோப்பிய ஆல்பங்களுக்கும் கைப்பேசி போதாது, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கதையின் ஓட்டம் அறுந்துவிடும். அதற்குப் பத்து அங்குல டேப் ஒன்று வேண்டும். ஐபேட் வைத்திருப்பவர்கள் பேனல்ஸ் அல்லது யாக்ரீடர் செயலியைப் பார்க்கலாம்.

செயலியை எங்கிருந்து இறக்குவது என்பதில் கவனம் தேவை. புலனத்தில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை நிறுவி வங்கிக் கணக்கைப் பறிகொடுக்கும் மோசடி குறித்து மலேசியக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. 'ஆயிரம் தமிழ் காமிக்ஸ் இலவசம்' என்று வரும் ஏபிகேயும் அதே வகையாக இருக்கலாம். அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலோ மென்பொருளின் சொந்தத் தளத்திலோ மட்டும் இறக்க வேண்டும்.

பழைய விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் சுமாத்ரா பிடிஎஃப் என்ற சிறிய மென்பொருள் போதும். சிபிஸெட், சிபிஆர், பிடிஎஃப் எல்லாவற்றையும் திறக்கும். மெதுவான கணினியிலும் சட்டென்று ஓடும். ஆனால் அது படிக்கும் கருவி மட்டும், அடுக்கும் கருவி ஆகாது.

அட்டைப்படங்களை அலமாரியில் பரப்பியது போலப் பார்த்துத் தேட வேண்டுமானால் யாக்ரீடர் நல்லது. கணினிப் பதிப்பில் இரண்டு பகுதி உண்டு: ஒன்று வாசிப்பதற்கு, மற்றது நூலகமாக அடுக்குவதற்கு. காமிக்இன்ஃபோ குறிப்புத்தாளைப் படித்துக்கொள்ளும். ஆனால் யாக்ரீடருக்குள் நாம் புதிதாக எழுதும் விவரம் அதன் சொந்தத் தரவுத்தளத்துக்குப் போகிறது. நூலகக் கோப்புறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு கோப்புறையில் அந்தத் தரவுத்தளம் இருக்கும். புத்தகங்களை வேறு வன்தட்டுக்கு மாற்றுபவர்கள் அதை விட்டுவிட்டால் எழுதியதெல்லாம் போய்விடும். ஆகவே காமிக்டேக்கரில் எழுதி, யாக்ரீடரில் அடுக்கிப் படிப்பது பாதுகாப்பான வழி.

காலிபர் பற்றியும் பலர் கேட்பார்கள். இந்தியாவைச் சேர்ந்த கோவிட் கோயல் 2006-இல் தொடங்கிய இந்த மென்பொருள், மின்நூல் உலகில் நம்பகமான பெயர். நாவல், கட்டுரை நூல்களுக்கு இதற்கு ஈடில்லை. சித்திரக்கதைக்கு அவ்வளவு ஒத்துவராது. நாம் அடுக்கிய கோப்புறையை அது ஏற்காது. ஒவ்வொரு புத்தகத்தையும் தன் நூலகத்துக்குள் நகலெடுத்து, ஆசிரியர் பெயரில் தனிக் கோப்புறை போட்டு வைக்கும். அந்தக் கோப்புறைப் பெயர்களில் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்துக்கு மாற்றியும் விடும். காலிபருக்குள் பார்க்கும்போது தமிழ் தமிழாகத் தெரியும். வெளியே வந்து கோப்புறையில் தேடினால், 'இரும்புக்கை' என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதியிருக்கும் என்று யூகிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பல பேர் பல கருவிகளில் படிப்பதானால் கோம்கா, காவிட்டா என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு கணினியில் நிறுவிவிட்டால், வீட்டு வைஃபையில் உள்ள எந்தக் கருவியிலும் உலாவி வழியாகப் படிக்கலாம். ஆளுக்கொரு கணக்கு வைக்கலாம். விட்ட பக்கம் நினைவிருக்கும். வயதுக் கட்டுப்பாடும் போடலாம். ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் கதைகளைக் கண்டவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டுமே காமிக்இன்ஃபோவைப் படிக்கும். கோம்காவுக்கு ஒரு கோப்புறை என்றால் ஒரு தொடர். எனவே முத்து காமிக்ஸுக்கு ஒன்று, லயனுக்கு ஒன்று என்று முதலிலேயே பிரித்து வைத்திருக்க வேண்டும். நிறுவுவதற்குக் கணினிப் பழக்கம் உள்ள ஓர் இளைஞர் துணை வேண்டும். ஐம்பது புத்தகம் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லாத ஆடம்பரம்.

ஒற்றும் ஒரு சிக்கல்

தமிழில் பெயர் எழுதும்போது மட்டும் வரும் தொல்லைகள் சில இருக்கின்றன. 'முத்து காமிக்ஸ்' என்று எழுதுபவரும் உண்டு, 'முத்துக் காமிக்ஸ்' என்று ஒற்று மிகுத்து எழுதுபவரும் உண்டு. இலக்கணப்படி விவாதிக்கலாம். மென்பொருளுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பதிப்பகம். அலமாரியில் இரண்டு தட்டாகப் பிரித்துவிடும். பதிப்பகத்தார் அட்டையில் போட்டதை அப்படியே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டால் குழப்பமில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் உண்டு. 'சௌந்தரபாண்டியன்' என்பதில் வரும் ஔகாரக் குறியைச் சிலர், ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரத்தைச் சேர்த்துத் தட்டச்சு செய்வார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. செல்லினம், முரசு அஞ்சல் போன்ற ஒருங்குறி உள்ளீட்டில் ஔகாரத்துக்கு உரிய விசையைப் பயன்படுத்தினால் இது வராது. வீட்டில் இருவர் தட்டச்சு செய்தால் இருவரும் ஒரே முறையைப் பின்பற்றட்டும்.

கோப்பின் பெயர் நீளமும் கவனிக்க வேண்டியது. ஆண்ட்ராய்டும் லினக்ஸும் ஒரு பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் எழுத்துக்கு மூன்று. 'மு', 'த்' போன்ற உயிர்மெய்யும் ஒற்றும் இரண்டு குறிகளாகச் சேர்வதால் ஆறு. நாற்பது ஐம்பது எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் சரியாக இருந்த கோப்பு கைப்பேசிக்கு நகலாக மறுக்கும். 'முத்து காமிக்ஸ் 001 - இரும்புக்கை மாயாவி (1972)' என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மற்றதைக் குறிப்புத்தாளில் எழுதலாம். ஸிப்புக்குள் இருக்கும் பக்கப் படங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கவே வேண்டாம். பழைய ஸிப் மென்பொருள்கள் அதைக் கிறுக்கலாக்கிவிடும். அங்கே எண் மட்டும் போதும்.

பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் வசனத்தைத் தேடும் எழுத்தாக மாற்ற முடியாதா என்ற ஆசையும் எழும். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் தமிழை ஏற்கின்றன. தெளிவான அச்சுப் பக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும். மங்கிய தாளில் படத்தின் நடுவே நெருக்கி அடித்த வசனத்துக்குப் பிழை மலிந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய இதழ்களில் லை, னை, ணை ஆகியவை பழைய கொம்பு வடிவத்தில் இருப்பதும் ஒரு தடை. இன்றைய தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் அந்தப் பக்கங்களில் முதல் ஐந்து நிமிடம் தட்டும். யாராவது பக்கத்தில் இருந்து ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் கதை வேகத்தில் பழகிவிடும்.

பகிர்வதற்கு முன்

தன்னிடம் உள்ள புத்தகத்தைத் தன் வீட்டுப் படிப்புக்காகப் படமெடுத்து வைப்பது ஒன்று. அதைப் புலனக் குழுவிலோ இணையத்திலோ ஏற்றுவது முற்றிலும் வேறு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்து, ஓவியப் படைப்புகளுக்கான உரிமை படைப்பாளி வாழும் காலமும் மறைந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. இந்தியாவில் 60 ஆண்டுகள். முத்து காமிக்ஸ் தொடக்க இதழ்களும் இதற்குள்தான் வருகின்றன என்று எடுத்துக்கொள்வதே முறை. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-இல் நின்றுபோனது உண்மை. நின்றுபோன இதழுக்கும் உரிமையாளர் உண்டு. லயன், முத்து இரண்டும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. பழைய கதைகளை மறுபதிப்பாகவும் விற்கிறார்கள். அவற்றின் ஸ்கேன் பிரதி சுற்றுக்கு வந்தால், குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்ப் பதிப்பகத்தைத்தான் அது அடிக்கிறது.

உரிமைச் சிக்கல் இல்லாமல் படிக்க வழிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் தமிழ் மின்னூலகத்திலும், 2005 முதல் இயங்கும் ஈழத்து நூலகம் நிறுவனத்தின் தளத்திலும் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் சட்டப்படி கிடைக்கின்றன. கோப்புகளை எப்படிப் பெயரிட்டு, ஆண்டு, பதிப்பாளர் வாரியாக அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கவாவது அந்தத் தளங்களுக்கு ஒருமுறை போய் வரலாம்.

கடைசி வேலை நகலெடுப்பது. நூறு பக்கப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு எம்பி என்றால் 100 எம்பி. முந்நூறு புத்தகம் 30 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் பாதி இடம்கூட ஆகாது. ஒரு நகல் கணினியில், ஒன்று பென்டிரைவில், இன்னொன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, 'வேறு வீடு' ஏன் என்பது தெரியும். நிபோங் தெபாலில் இருக்கும் அக்காள் வீடோ, தீவில் இருக்கும் மாமா வீடோ, எதுவானாலும் சரி. பென்டிரைவை ஆண்டுக்கணக்கில் தொடாமல் போட்டு வைத்தாலும் கெட்டுப்போகக்கூடும். தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில் அதை ஒருமுறை கணினியில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் கோப்புகளைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை வருகிறதா என்று பார்த்து வைக்கலாம்.